மஹ்ரிபுக்கு முந்தி விழுந்தெழும்பும் மெசின்

ஸுஹைறா நிந்தவூர்ப் பெண். கொழும்பில் ஒரு பெரிய மென்பொருள் கம்பனியில் வேலை பார்த்துவிட்டு, திடீரென்று எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஊருக்கு வந்து சேர்ந்தவள். ஏன் வந்தாய் என்று கேட்டவர்களிடம் நித்திரை வருவதில்லை என்றாள். ஊரார் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள். அவளுடைய உம்மா பயந்துபோய் ஓதிய தண்ணீர் வாங்கிவந்து குடிக்கக் கொடுத்தார். ஆனால் அவள் சொன்னதில் ஒளிவு மறைவு ஒன்றும் இருக்கவில்லை.

கொழும்பில் அவள் பார்த்தது ஒரு வகையில் காவல் வேலை. நூற்றுக்கணக்கான புரோகிராம்கள். ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய சாமான்களோடு தனித்தனிப் பெட்டிக்குள் இருக்கும். கன்டெய்னர் என்பார்கள். எந்தப் பெட்டியை எந்த மெசினில் வைப்பது, எதை எத்தனையாகப் பெருக்குவது, விழுந்ததை எப்படித் தூக்கி நிறுத்துவது என்று பார்த்துக்கொள்ள எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு புரோகிராம். அந்த ஏற்பாட்டுக்குத்தான் ஒக்கெஸ்ட்ரேசன் என்று பெயர். ஒரு பெட்டி செத்துப்போனால் அது அடுத்த மூச்சிலேயே அதே அச்சில் இன்னொன்றை எழுப்பிவிடும். வெளியில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. அப்படி ஒரு பெட்டி மாதக்கணக்காகச் செத்துச் செத்து எழும்பிக்கொண்டிருந்ததை ஸுஹைறா ஒருமுறை தற்செயலாகக் கண்டாள். மேலே பச்சை விளக்கு எல்லாம் சுகம் என்றே காட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு பச்சை விளக்கைக் கண்டாலே அதன் கீழே என்ன செத்துக்கொண்டிருக்கிறதோ என்ற யோசனை வரத் தொடங்கியது. படுத்தாலும் அதே யோசனை. அதுதான் நித்திரை போன கதை.

ஊருக்கு வந்த பிறகு சில காலம் புருஷன் ஜவாதின் ஹாட்வெயார் கடையில் கணக்குப் பார்த்தாள். ஆணி, பெயின்ட், குழாய் இவற்றுக்கு நடுவே இருந்தபோது நித்திரை மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. அப்போதுதான் ஹிஷாம் அவளைத் தேடி வந்தான்.

ஹிஷாமின் கந்தோர் கல்முனை பஸாரில் ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை வரை கரையோரத்தால் வந்து கொழும்புக்குப் போகும் தனியார் பஸ்களுக்கு போனில் சீட் புக் பண்ணும் சேவையை அவன் நடத்திவந்தான். வாடகைக்கு எடுத்த ஒரே ஒரு சேர்வர். அதில் மூன்று புரோகிராம்கள். வேலைக்கு அவனும் ஜெனூபா என்ற மருதமுனைப் பெண்ணும். அவ்வளவுதான். ஆனால் கொஞ்ச நாளாக ஒவ்வொரு நாளும் மஹ்ரிப் என்ற அந்தித் தொழுகைக்கு முந்தி, பஸ்கள் வெளிக்கிடத் தயாராகும் நேரம் பார்த்து, புக்கிங் நின்றுபோனது. முன்பு கண்மூடித் திறக்கும் நேரம்தான் நிற்கும். இப்போது ஒரு பிளேன்டீ குடித்து முடியும் வரை நிற்கிறது. அதன் பிறகு தானாக வந்துவிடும். வந்ததும் எங்காவது ஒரு பஸ்ஸில் ஒரு சீட் புக் ஆனதாகச் சிவப்பாகும், உடனே மறுபடியும் பச்சையாகும். கொண்டக்டர்மார் அதைத் தங்கள் போனில் பார்த்திருக்கிறார்கள். ஜின் ஏறி இருந்து பார்த்துவிட்டு இறங்குகிறது என்று தங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். பஸ் முதலாளிமாருக்குச் சிரிப்பு வரவில்லை.

"எல்லாரும் இப்ப ஒக்கெஸ்ட்ரேசனுக்குத்தான் மாறுறாங்க தங்கச்சி," என்றான் ஹிஷாம். "விழுந்தா அதுவே எழுப்பிடுமாம். நீங்க அதுக்குள்ள கிடந்த ஆள். நமக்கு அது வேணுமா வேணாமா எண்டு நீங்கதான் செல்லணும்."

ஸுஹைறா ஒரு கிழமை எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு தனக்குத் தெரிந்த மொழியில் சொன்னாள். "வட்டை முழுக்க ஆக்கள் வயல் செஞ்சாத்தான் தண்ணி முறை பாக்க வட்டைவிதானை வேணும் ஹிஷாம் நானா. நம்மளுக்கு இரிக்கிறது ஒரு வாய்க்கால், மூணு வரவை வயல். மம்பட்டிய எடுத்துக்கிட்டு நாமளே போய்ப் பாக்கலாம். விதானைய வெச்சா, பிறகு விதானைக்குச் சோறு போட ஒராள் தேடணும்."

அவன் அதை விளங்கிக்கொண்டான். பல மெசின்கள், பல குழுக்கள், இன்றைக்குப் பத்து நாளைக்குப் பத்தாயிரம் என்று ஏறி இறங்கும் கூட்டம் உள்ள இடத்துக்கு அது வேண்டும் என்றும், இங்கே அதைக் கட்டி மேய்ப்பதே ஒரு முழு ஆளின் வேலையாகிவிடும் என்றும் அவள் விரித்துச் சொன்னதையும் தலையாட்டிக் கேட்டான். ஆனால் விழுவது நிற்க வேண்டுமே என்றான். விழும் காரணம்தான் அவளுக்குப் பிடிபடவில்லை. நினைவகம் போதுமாக இருந்தது. சேர்வரில் சுமை இல்லை. எந்தப் பிழையும் எங்கும் பதிவாகவில்லை. சுகமாக இருந்த ஒருவர் சொல்லிவிட்டுப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வதுபோல அந்தப் புரோகிராம் ஒழுங்காகத் தன் வேலைகளை முடித்துவிட்டு நின்றது.

அப்போதுதான் அவளுக்கு ஒரு சின்னக் கேள்வி வந்தது. விழுவது ஏன் என்று எல்லாரும் கேட்கிறார்கள். எழும்புவது எப்படி என்று யாரும் கேட்கவில்லையே. தானாக எழும்பும் ஏற்பாடு எதுவும் அந்த சேர்வரில் போட்டிருக்கவில்லை. யாராவது உள்ளே வந்து கட்டளை கொடுத்தால்தான் உண்டு.

"அந்திக்கு விழுந்த பிறகு எழுப்புறது ஆரு?" என்று கேட்டாள்.

"ஹிஷாம் நானாதான்," என்றாள் ஜெனூபா. "வீட்ட இருந்து எழுப்புவார்."

ஹிஷாம் கதிரையைத் திருப்பி அவளைப் பார்த்தான். "நான் இல்ல. நீங்க எண்டுதானே நான் இவ்வளவு நாளும் நினைச்சிக்கி இருந்தன்."

கீழே கடையில் யாரோ துணி கிழிக்கும் சத்தம் கேட்டது. எல்லாரும் ஒரே பெயரில்தான் சேர்வருக்குள் போய்வந்தார்கள். அதனால் அந்தி நேரத்தில் உள்ளே ஒரு ஆள் இருந்ததைப் பார்த்த ஒவ்வொருவரும் அது மற்றவர் என்று எடுத்துக்கொண்டார்கள். ஸுஹைறாவும் அந்தப் பதிவைப் பார்த்தவள்தான். இவர்களில் ஒருவர் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

யார் என்று தேடிவிட்டு மற்றதைப் பார்ப்போம் என்று அவள் சொன்னாள். ஹிஷாமுக்குப் பொறுமை இல்லை. பெருநாள் வருகிறது, கொழும்பிலிருந்து சனம் அள்ளுப்பட்டு வரப்போகிறது, அதற்கிடையில் இன்னொரு தடவை நின்றால் முதலாளிமார் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்றான். சோதனைக்குச் சில நாள் மட்டும் ஒக்கெஸ்ட்ரேசனைப் போட்டுப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினான். அவள் விருப்பமில்லாமல்தான் சம்மதித்தாள். மூன்று புரோகிராம்களையும் பெட்டிகளுக்குள் வைத்து, அவற்றுக்கு மேலே காவலை நிறுத்தினாள். கொழும்பில் அவள் விட்டுவிட்டு வந்த அதே பச்சை விளக்குகள் கல்முனை மாடியில் எரிந்தன.

அன்று அஸர் தொழுதுவிட்டு வந்து ஜெனூபாவும் அவளும் திரைக்கு முன்னால் இருந்தார்கள். வழக்கமான நேரம் வந்தது. பெட்டி விழுந்தது. அடுத்த மூச்சில் எழும்பியது. ஜெனூபா சிரித்துக்கொண்டே அவளைப் பார்த்தாள். திரும்பிப் பார்க்கும்போது மறுபடியும் விழுந்திருந்தது. எழும்பியது. மறுபடியும் விழுந்தது.

வியாதியில் விழுகிற புரோகிராமை ஸுஹைறாவுக்குத் தெரியும். அது ஒரு சீராக விழும். நீர்ப்பம்பு அடிப்பதுபோல ஒரே இடைவெளி இருக்கும். இது அப்படி இல்லை. ஒருமுறை விழுந்த பிறகு நீண்ட நேரம் ஒன்றும் நடக்காது. யாரோ தலையைச் சரித்து யோசிக்கிற மாதிரி இருக்கும். பிறகு அடுத்தடுத்து இரண்டு தடவை, கோபம் வந்ததுபோல. பிறகு களைத்ததுபோல மெதுவாக ஒரு தடவை. திரையில் அந்தப் பச்சைப் புள்ளி தண்ணீருக்குள் முக்கப்பட்டு மூச்செடுக்க மேலே வரும் தலைபோலப் போய்ப்போய் வந்தது.

"இது பழுதில்ல," என்றாள் ஸுஹைறா. அவளுடைய குரல் அவளுக்கே வேறாகக் கேட்டது. "இது ஒராள்."

காவலுக்கும் ஒரு குணம் உண்டு. எழுப்பியது திரும்பத் திரும்ப விழுந்தால், அடுத்த தடவை எழுப்ப முன் கொஞ்சம் பொறுக்கும். அதற்கடுத்த தடவை இன்னும் கூடப் பொறுக்கும். அப்படிப் பொறுத்துப் பொறுத்து அது நீண்ட நேரம் சும்மா நின்ற ஒரு இடைவெளியில், வெளியிலிருந்த அந்த ஆளே எழுப்பும் கட்டளையைக் கொடுத்தான். ஒவ்வொரு எழுத்தும் தட்டுத்தடுமாறி வந்ததுபோல நேரம் எடுத்தது. பெட்டி எழும்பியது. ஒரு சீட் சிவப்பானது, பச்சையானது. அதோடு எல்லாம் ஓய்ந்தது. வெளியே பள்ளியில் மஹ்ரிப் பாங்கு சொன்னார்கள்.

ஜெனூபா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தன் கதிரையை ஸுஹைறாவின் பக்கம் நகர்த்தினாள். ஸுஹைறா சாவிகளைத் தேடினாள். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே வருகிற ஒவ்வொரு போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் தனித்தனிச் சாவி உண்டு, சாவியில் அடையாளம் இருக்கும். ஹிஷாமுடையது இருந்தது. ஜெனூபாவுடையதும் அவளுடையதும் இருந்தன. அதற்குக் கீழே இன்னொன்று. அடையாளத்தில் ஸஹீத் என்று இருந்தது.

"யா அல்லாஹ்," என்று மட்டும் சொன்னாள் ஜெனூபா.

ஹிஷாம் தொழுதுவிட்டுப் படியேறி வந்தபோது அவனிடம் காட்டினார்கள். அவன் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தான். பிறகு தள்ளிப்போய் ஜன்னலடியில் நின்றுகொண்டான். இந்தச் சேவையைக் கட்டியவன் ஸஹீத்தான் என்று ஸுஹைறாவிடம் சொன்னான். இருவரும் ஒன்றாகத் தொடங்கியது. அந்த நாட்களில் புரோகிராமுக்கு ஒரு வியாதி இருந்தது. நாள் முழுக்க ஓடினால் ஊதிப்பெருத்து மெசினை அமுக்கிவிடும். அதனால் ஸஹீத் ஒவ்வொரு நாளும் பஸ்கள் வெளிக்கிட முன் அதை ஒருமுறை நிறுத்தி எழுப்புவான். சரியாக வேலை செய்கிறதா என்று ஒரு சீட்டைப் போட்டு எடுத்துப் பார்ப்பான். அதன்பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். சைக்கிள் என்று ஹிஷாம் சொன்னது மோட்டார் சைக்கிளை. அப்படிப் போன ஒரு நாள், லைட் இல்லாமல் நெல் ஏற்றி ரோட்டில் நின்ற டிரெக்டர் பெட்டியில் மோதினான். தலையில் அடி.

"ஹயாத்தா, உசிரோட இரிக்கார்," என்றான் ஹிஷாம். "கண்ணத் துறந்து கிடக்கார். கதை இல்ல, நடை இல்ல. உள்ளுக்கு ஆள் இல்ல எண்டு டொக்டர்மார் செல்லிப்போட்டாங்க."

"உள்ளுக்கு ஆள் இல்லாட்டி, சாவி போட்டு வாறது ஆர் நானா?"

அந்த வியாதியை ஜெனூபா எப்போதோ குணமாக்கிவிட்டாள். நிறுத்தி எழுப்புவதற்கு இப்போது ஒரு தேவையும் இல்லை. ஆனாலும் அந்தி தவறாமல் யாரோ அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை முதல் வேலையாக ஸுஹைறா காவலைக் கழற்றினாள். புக்கிங் புரோகிராமின் இன்னொரு பிரதியை ஓடவிட்டு, பஸ்காரர்களை அந்தப் பக்கம் திருப்பிவிடும்படி ஜெனூபாவிடம் சொன்னாள். ஸஹீதின் கட்டளைகள் போய்ச் சேரும் பிரதியில் எது நடந்தாலும் இனி யாருக்கும் தெரியாது. பிறகு லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டியில் ஸஹீதின் வீடு இருந்த நற்பிட்டிமுனைக்குப் போனாள். ஹிஷாம் வரவில்லை. ஆரம்பத்தில் இரண்டு மூன்று தடவை போனதோடு நின்றுவிட்டவன் அவன். எந்த முகத்தோடு போவது என்றான்.

ஸஹீதின் மனைவி றம்ஸியா கதவைத் திறந்தாள். கந்தோரிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னதும் எதுவும் கேட்காமல் உள்ளே கூட்டிப்போனாள். வயல் பக்கம் பார்த்த அறை. கட்டிலில் ஒரு மனிதர் தலையணைகளுக்கு நடுவே சாய்த்து வைக்கப்பட்டிருந்தார். தாடி ஒழுங்காகக் கத்தரிக்கப்பட்டிருந்தது. கண்கள் திறந்து சுவரைப் பார்த்தபடி இருந்தன. ஸலாம் சொன்னபோது அவை அசையவில்லை. வலது கையில் ஒரு போன் இருந்தது. திரை கறுப்பு, அதில் வெள்ளை எழுத்துகள்.

"போன் பழுதாகிட்டு எண்டு மகள் செல்றா," என்றாள் றம்ஸியா. "எடுத்தாக் கத்துவார். அதான் விட்டுட்டம். பெருவிரல் மட்டும்தான் ஓடும். தஸ்பீஹ் ஓதி விரலால எண்ணுறார் எண்டு நான் நினைச்சிக்கிறது."

அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் இருந்துகொண்டு சொன்னாள். பகல் முழுக்க இவர் இப்படியேதான். தண்ணி வேண்டும் என்றுகூடக் கேட்கத் தெரியாது, எழுதிக் காட்டவும் தெரியாது. ஆனால் பக்கத்தில் இருந்து சூரத்துல் பாத்திஹாவைத் தொடங்கிவிட்டால் உதடு முடிவுவரை கூடவே வரும். டொக்டரிடம் கேட்டபோது, அது விளக்கமில்லை, பழக்கம் என்றார்கள். பழகியது மட்டும் தலைக்குள் எங்கோ தனியாகக் கிடக்குமாம்.

"அந்தி நேரந்தான் எனக்குப் பயம் புள்ள," என்றாள் றம்ஸியா. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்த நேரம் வந்தா முகம் மாறும். மகள்ற வாப்பாட முகம் இல்ல அது, வேற ஆள்ட முகம். நான் ஆயத்துல் குர்ஸி ஓதி ஊதுவன். கொஞ்சத்தால சிரிச்சிப்போட்டுப் படுத்துடுவார். இப்ப விரல் இறுகிக்கிட்டு வருது, அதால அந்தப் பாடும் நீளுது. ஆனா முந்தாநாள் வரைக்கும் நேத்து மாதிரி ஒரு நாளும் இல்ல. வேர்த்து ஊத்தி, முனகி, ஆரோடயோ மல்லுக்கட்டின மாதிரி. நான் உம்மாவக் கூப்பிட்டு ரெண்டு பேருமா இருந்து யாஸீன் ஓதினம்."

ஸுஹைறா கோப்பையைத் தட்டில் வைத்தாள். அவர் நிறுத்தியதை அவர் எழுப்ப முன் தானே எழுப்பி, மறுபக்கத்தில் மல்லுக்கு நின்றது எது என்று அவளுக்குத் தெரியும். அதை அவள்தான் நிறுத்தி வைத்தாள்.

அவருடைய அந்தி நேரம் இன்னும் ஆகவில்லை. அவள் லெப்டொப்பைத் திறந்தாள். என்ன செய்யப்போகிறாள் என்று றம்ஸியாவுக்கு முடிந்தமட்டும் விளக்கினாள். பிறகு தன் கையால் அந்தப் பிரதியை நிறுத்தினாள்.

கட்டிலில் அந்தப் போனின் திரையில் ஒரு வரி புதிதாக ஏறியது. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் கீழே இறங்கின. பெருவிரல் நகர்ந்தது. பழைய கட்டளைகளை அந்தப் போன் நினைவில் வைத்திருந்தது. அவர் செய்யவேண்டியதெல்லாம் மேலே தள்ளித் தேடி அமுக்குவதுதான். அதற்கே அவ்வளவு நேரம் எடுத்தது. புரோகிராம் எழும்பியது. ஒரு சீட் சிவப்பாகிப் பச்சையானது.

ஸுஹைறா மறுபடியும் நிறுத்தினாள். இம்முறை விரல் உடனே போகவில்லை. கண்கள் போனை விட்டு மெதுவாக, மிக மெதுவாக, லெப்டொப் தட்டிய சத்தம் வந்த பக்கம் திரும்பின. அவளுடைய முகத்தில் வந்து நின்றன. றம்ஸியா தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் எழுப்பினார். அவள் காத்திருந்தாள். அவர் தானே அதை நிறுத்தினார். நிறுத்திவிட்டு விரலை எடுத்து போர்வையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

உன் முறை என்பது தவிர அதற்கு வேறு கருத்து இருக்கமுடியாது. அவள் எழுப்பினாள். அவருடைய தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

"சிரிக்கார்," என்றாள் றம்ஸியா. அவள் அழுதுகொண்டிருந்தாள். "புள்ள, அவர் உள்ளுக்கு இரிக்கார்."

ஓம் என்று சொல்லத்தான் ஸுஹைறா வாயைத் திறந்தாள். சொல்லவும் சொன்னாள். ஆனால் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பழைய யோசனை திரும்பி வந்தது. கொழும்பில் செத்த பெட்டிக்குப் பதிலாக எழும்புவது அதே பெட்டி இல்லை, அதே அச்சில் இன்னொன்று. பெயர் ஒன்றுதான், வேலை ஒன்றுதான், வெளியில் நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது. அந்தி தோறும் இந்தக் கட்டிலில் எழும்புவது ஸஹீத்தானா, அல்லது அந்த மனிதரின் பழக்கம் மட்டும் தனியாக எழும்பி வந்து வேலையை முடித்துவிட்டுப் போகிறதா? றம்ஸியாவிடம் அவள் அதைக் கேட்கவில்லை. தேத்தண்ணியை முழுக்கக் குடித்துவிட்டு, மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டு எழும்பினாள்.

வீட்டுக்கு வந்து ஜவாதிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கதவுக் கொண்டி ஒன்றுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே கேட்டிருந்தான். கடைசியில், அந்தச் சாவியைக் கழற்றினால் அந்த மனுஷன் எங்கே போவார் என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் கந்தோரில் அவள் தன் முடிவைச் சொன்னாள். ஒக்கெஸ்ட்ரேசன் வேண்டாம். அது வந்திருந்தால் விழுவது வெளியே தெரிந்திருக்காது, அவ்வளவுதான். ஒரு மனிதர் இருட்டுக்குள் நின்று அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருந்திருப்பார், இங்கே பச்சை விளக்கு எரிந்திருக்கும். மூன்று புரோகிராம்களுக்கு ஒரு சேர்வரே போதும். விழுந்தால் திரும்ப எழுப்பும் சாதாரண ஏற்பாடு ஒன்று எல்லா சேர்வரிலும் உண்டு, ஆள் வேண்டுமென்று நிறுத்தினால் அது தலையிடாது, ஒரு சொல்லில் அதைப் போட்டுவிடலாம். புக்கிங்குக்கு மட்டும் இரண்டு பிரதிகள் ஓடட்டும். ஒன்று நின்றால் மற்றது பார்த்துக்கொள்ளும். பஸ்கள் இரட்டிப்பாகி, ஊருக்கு ஊர் சேவை போய், ஆட்களும் கூடினால் அப்போது மறுபடி இருந்து யோசிப்போம்.

"ஸஹீத்ட சாவி?" என்றான் ஹிஷாம்.

"அது இரிக்கட்டும். அந்தச் சாவியால மூணு கட்டளை மட்டும் ஏலும் எண்டு வெச்சிரிக்கன். நிப்பாட்டலாம், எழுப்பலாம், ஒரு சீட்டப் போட்டு எடுக்கலாம். ரெண்டுல ஒரு பிரதி அவருக்கு."

பஸ் முதலாளிமார் அறிந்தால் என்ன நினைப்பார்கள் என்று ஹிஷாம் கொஞ்ச நேரம் இழுத்தான். பிறகு அவனே அதை விட்டுவிட்டான். அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நற்பிட்டிமுனைக்குப் போனான். திரும்பி வந்து, என்ன நடந்தது என்று ஜெனூபா கேட்டதற்குக் கையை மட்டும் அசைத்தான்.

பெருநாள் கூட்டம் வந்து போனது. புக்கிங் நிற்கவில்லை. அந்தியில் ஒரு சீட் சிவப்பாகிப் பச்சையாவது மட்டும் மாறவில்லை. கொண்டக்டர்மாருக்கு அது இப்போது பழகிவிட்டது. ஸுஹைறா கிழமைக்கு ஒருமுறை லெப்டொப்போடு போய் அவரோடு அந்த விளையாட்டை விளையாடிவிட்டு வந்தாள். சில நாள் அவர் அவளை அறிந்தவர்போலப் பார்த்தார். சில நாள் சுவரைப் பார்த்தபடியே விரலை மட்டும் ஓட்டினார். அந்த நாட்களில் அவள் சீக்கிரம் எழும்பி வந்துவிடுவாள்.

மழைக்காலம் தொடங்கியபோது றம்ஸியா கோல் எடுத்தாள். போன் பெட்டரி ஊதி மூடியைத் தள்ளிவிட்டதாம், மகள் அதைக் கடையில் கொடுத்திருக்கிறாளாம், நாளைக்குத்தான் வருமாம். இவர் காலையிலிருந்து சாப்பிடவில்லை, கொஞ்சம் வந்துவிட்டுப் போகமுடியுமா என்றாள். ஸுஹைறா மழைச் சட்டையைப் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். கந்தோரில் ஜெனூபா மட்டும் இருந்தாள், அவளிடம் விஷயத்தைச் சொன்னாள்.

வயல்களில் எல்லாம் தண்ணீர் நின்றது. அறைக்குள் போனபோது வழக்கமான நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஸஹீதின் கை போர்வைக்கு மேல் வெறுமையாகக் கிடந்தது. கை சும்மா இருக்கவில்லை. பெருவிரல் போர்வையின் மேல் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. மேலே தள்ளித் தேடும் அசைவு அது. பிறகு அமுக்கும் அசைவு. இது நிறுத்துவது என்று ஸுஹைறாவுக்குத் தெரிந்தது. கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் மேலே, மறுபடியும் ஒரு அமுக்கல். இது எழுப்புவது. றம்ஸியா தலைமாட்டில் நின்று மெதுவாக ஓதிக்கொண்டிருந்தாள்.

ஸுஹைறாவின் போன் அடித்தது. ஜெனூபா.

"ராத்தா, ஸஹீத் நானாட பிரதி இப்ப நிண்டு எழும்பிச்சி. சீட்டும் ஒண்டு போட்டு எடுத்திரிக்கி. போன் கடையில எண்டுதானே சென்னீங்க?"

விழுந்ததைத் திரும்ப எழுப்பும் ஏற்பாட்டை அவளே போட்டிருந்தாள். ஏதோ காரணத்தால் விழுந்திருக்கும், அது எழுப்பியிருக்கும். சீட்டை எந்தப் பயணியாவது போட்டு மனம் மாறி எடுத்திருக்கலாம். பதிவைத் திறந்து பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். லெப்டொப் மடியில்தான் இருந்தது. அவள் அதன் மூடியில் கையை வைத்தபடி கட்டிலைப் பார்த்தாள். விரல் ஓய்ந்திருந்தது. அந்த முகத்தில் வேலை முடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பும் ஒருவரின் சிரிப்பு இருந்தது.

"ஓம் ஜெனூபா," என்றாள். "அது நான்தான்."

போனை வைத்ததும் யார் என்று றம்ஸியா கேட்டாள். கந்தோரிலிருந்து, எல்லாம் சரியாம் என்று சொன்னாள் ஸுஹைறா. பிறகு சோற்றுக் கோப்பையை வாங்கி, ஆணத்தைக் கொஞ்சமாக ஊற்றிப் பிசைந்து, கரண்டியால் எடுத்து அவருடைய வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள். ஸஹீத் வாயைத் திறந்தார்.